பிளேடு போடத் தெரியுமா பாஸ்?

கேன்டீன்ல உட்கார்ந்து மணிக்கணக்கா ‘பிளேடு’ போடுறது, பீரியட் முழுக்க ‘அறுவை’யைத் தாங்குறது, நண்பன்கிட்ட ‘மொக்கை’ வாங்குறது... இந்த மூணு பேப்பர்லயும் நீங்க யுனிவர்சிட்டி ரேங்க்னு எனக்குத் தெரியும். ஆனா நிஜமாவே பிளேடு போடுற, நிஜமாவே அறுவை நடக்கிற, நிஜமாவே மொக்கையானா ரத்தம் பார்க்கிற இடம் ஒண்ணு இருக்கு. மரப்பட்டறை! இந்த வாரம் அங்கேதான் போகப் போறோம். திருப்பூர்ல மங்கலம் ரோட்டைப் பிடிங்க. ஆண்டிபாளையம் குளத்தைத் தாண்டுங்க. நொய்யல் ஓரத்துல மங்கலம்.

“அது தறி ஊராச்சே, அங்க என்ன மரவேலை?”ன்னு கேட்பீங்க. தறி ஊர்தான். சில தெருக்களில் தறிச் சத்தத்துக்கு நடுவே செல்போன் பேசுறதே ஒரு கலை. ஆனா பழைய நாடா தறியை எட்டிப் பாருங்க. நாடா மரம். அதை அடித்து விரட்டும் பிக்கிங் ஸ்டிக் மரம். நாடா ஓடும் பாதையும் மரம். நாடா இல்லாத் தறிகள் வந்ததும் அந்த வேலை குறைந்தது. ஆனால் வீட்டுக்கு நிலை, கதவு, ஜன்னல், பனியன் கம்பெனிக்குக் கட்டிங் டேபிள், துணி அடுக்க ரேக் என்று மரத்துக்கு வேறு வேலை இருந்துகொண்டேதான் இருக்கிறது. ‘மர இழைப்பகம்’னு போர்டு தொங்கும். உள்ளே மூணு பேர். லீவு நாள்ல அந்த மூணாவது ஆள் உங்கள்ல ஒருத்தராவே இருக்கலாம். அப்பா பட்டறை, மாமா பட்டறை, இல்லைன்னா பாக்கெட் மணிக்குப் போற பட்டறை.

இன்ஜினீயரிங் மக்கள் முதல் வருஷ ஒர்க்‌ஷாப்ல இழைப்புளியைத் தள்ளியிருப்பீங்க. தள்ளத் தள்ளக் கை வலிக்கும். பலகை மட்டும் நடுவுல மேடா, ரெண்டு ஓரமும் பள்ளமா கவிழ்த்த படகு மாதிரி நிற்கும். அந்த இழைப்புளியை மோட்டார்ல சுத்த விட்டா அதுதான் பிளேனர். இதுல ரெண்டு ரகம். ஒண்ணு, கையில பிடிச்சுத் தள்ளுறது. அனேகமா 82 மில்லிமீட்டர் அகல பிளேடு ரெண்டு, நிமிஷத்துக்குச் சுமார் 16,000 சுத்து. இன்னொண்ணு, மேசை மாதிரி நிற்கிற சர்ஃபேஸ் பிளேனர். மெஷின் நிற்கும், பலகை நகரும்.

(குட்டித் தகவல்: கை பிளேனர்னதும் பல ஆசாரிகள் சொல்ற பேர் மகிட்டா. 1915-ல் ஜப்பானின் நகோயாவில் மோட்டார் விற்று, ரிப்பேர் பார்க்கும் கடையாக ஆரம்பித்தது அது. 1958-ல்தான் மின்சார பிளேனர் செய்தது. மோட்டார் காயில் கட்டுற கடை வச்சிருக்கிற அண்ணன்களே, நோட் பண்ணிக்கங்க!)

இப்போ மேசை பிளேனரைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஆஃப் பண்ணிட்டுத்தான்! ரெண்டு இரும்பு மேசை. பலகை உள்ளே போகிற பக்கம் முன் மேசை, வெளியே வருகிற பக்கம் பின் மேசை. நடுவில் ஒரு இடைவெளி. அதில் ‘கட்டர் பிளாக்’ என்கிற உருளை, அதில் மூன்று பிளேடுகள். முன் மேசை எவ்வளவு இறங்கியிருக்கிறதோ அவ்வளவு மரம் சீவப்படும். பின் மேசையோ, பிளேடு சுற்றி வரும்போது தொடும் உச்சிக்குச் சரி மட்டமாக இருக்க வேண்டும். இழைத்த பகுதி போய் உட்கார்வது அதன் மேல்தானே. பிளேனர் செட்டிங் என்கிற மொத்த வித்தையும் இந்த ஒரு வரிதான்: மூன்று பிளேடும் ஒரே உயரம், அந்த உயரம் பின் மேசையின் மட்டம்.

சொல்றது ஈஸி. கணக்கைப் பாருங்க. நிமிஷத்துக்கு 5,000 சுத்துன்னு வச்சா, மூணு பிளேடுக்கு 15,000 வெட்டு. பலகையை நிமிஷத்துக்கு 6 மீட்டர் வேகத்துல தள்ளினா ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் இடையே 0.4 மி.மீ. தடவினா வழவழன்னு இருக்கும். இப்போ ஒரே ஒரு பிளேடு மத்த ரெண்டை விடக் கொஞ்சம் தூக்கலா இருக்குன்னு வைங்க. கடைசியா மரத்தைத் தொட்டுட்டுப் போறது அது மட்டும்தான். இடைவெளி 1.2 மி.மீ. ஆயிடும். வார்னிஷ் அடிச்சதும் கதவு முழுக்கச் சின்னச் சின்ன அலை. லைட் பட்டா அப்பட்டமா தெரியும். மூணு ஆள் வேலையை ஒருத்தனே செய்றதால அந்த பிளேடு சீக்கிரம் மொக்கையாகும். குரூப் ப்ராஜெக்ட்ல ஒருத்தன் மட்டும் ராத்திரி முழுக்க முழிப்பானே, அதே கதை!

மொக்கையான பிளேடு வெட்டாது, இடிக்கும். இடிக்கிற மெஷின்ல பலகையை நீங்க அழுத்தித் தள்ளுவீங்க. அழுத்தித் தள்ளுற கைதான் வழுக்கும்.

இங்கே கொஞ்சம் சீரியஸ் ஆவோம். ரம்பம் வெட்டும். பிளேனர் சீவும். ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கு. ரம்பத்தில் துண்டான விரலை மறுபடி இணைக்கும் மைக்ரோ சர்ஜரி இன்று நம் பக்கத்திலேயே நடக்கிறது. கோவை கங்கா மருத்துவமனை அதற்கு நாடறிந்த இடம். சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் தண்ணீரில் வைத்து (ஐஸ் நேரடியாக விரலில் படக் கூடாது) சீக்கிரம் கொண்டு போனால் வாய்ப்பு உண்டு. பிளேனரில் போன விரலை எதைக் கொண்டு போய் இணைப்பது? மூன்று பிளேடு, வினாடிக்கு 250 வெட்டு. ‘ஐயோ’ன்னு உங்க மூளை உணர்ந்து கையை இழுக்கக் கால் வினாடிக்குக் கொஞ்சம் கம்மியா ஆகும். அதுக்குள்ள ஐம்பது வெட்டு முடிஞ்சிருக்கும். மிச்சம் கிடைக்கிறது மரச்சீவலோட கலந்து கிடக்கும். இதை எழுதப் பிடிக்கலை. ஆனா பிளேனர் முன்னாடி நிற்கப் போற ஆளுக்கு யாராச்சும் சொல்லியாகணும்.

சரி, செட்டிங்குக்கு வருவோம். ஸ்பேனரைத் தொடுறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. ஸ்விட்ச்சை ஆஃப் பண்றது மட்டும் போதாது. பீஸ் கட்டையைக் கழட்டணும். கை பிளேனர்னா பிளக்கைப் பிடுங்கணும். நம்ம ஊர்ப் பட்டறைகள்ல ஒரு டேஞ்சரான பழக்கம் உண்டு. கரன்ட் போனதும், “சும்மாதானே இருக்கோம், பிளேடை மாத்திப்புடலாமுங்”னு இறங்கிடுவாங்க. ஸ்டார்ட்டர்ல நோ-வோல்ட் காயில் ஒழுங்கா இருந்தா, கரன்ட் போனதும் அது விட்டுடும். திரும்ப வந்தாலும் மோட்டார் தானா ஓடாது. ஆனா வெறும் மெயின் ஸ்விட்ச்சுல ஓடுற மெஷினுக்கு அந்த நல்ல புத்தி கிடையாது. கரன்ட் வந்த நொடியே சுத்தும். விவரமான மேஸ்திரி இருக்கிற பட்டறைன்னா கேட்பார்: “கரன்ட்டு உன்னையக் கேட்டுட்டா கண்ணு வரும்? பீஸ் கட்டையைக் கழட்டி உன்ற ஜோப்புல போடு மொதல்ல.” ஜோப்புல இருக்கிற பீஸ் கட்டையை வேற யாரும் வந்து மாட்ட முடியாது. எந்த சேஃப்டி புக்கும் இதை விட நல்லா சொல்லிடலை.

அடுத்தது குச்சி. ஆமாங்க, வெறும் குச்சி! டயல் கேஜ், செட்டிங் ஜிக்னு ஆயிரம் வந்தாச்சு. ஒரு அடி நீளத்துல நேரா இழைச்ச ரீப்பர் துண்டு ஒண்ணு போதும். அதைப் பின் மேசை மேல வைங்க. ஒரு முனை கட்டர் பிளாக்குக்கு மேல நீட்டிக்கிட்டு இருக்கணும். பின் மேசையின் விளிம்பு குச்சியைத் தொடும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. இப்போது உருளையைப் புல்லி பக்கமாகப் பிடித்து (பிளேடைத் தொட்டு அல்ல!), ஓடுகிற திசையில் மெதுவாகச் சுற்றுங்கள். பிளேடு மேலே வந்து குச்சியை லேசாகக் கவ்வி, முன் மேசைப் பக்கமாகக் கொஞ்சம் இழுத்துட்டுப் போய் விட்டுடும். விளிம்புக்கு நேரா ரெண்டாவது கோடு போடுங்க. ரெண்டு கோட்டுக்கும் நடுவுல சுமார் 3 மி.மீ. இருந்தா அந்த பிளேடு கரெக்ட். குச்சியை அசைக்கவே இல்லைன்னா பிளேடு தாழ்வு, இல்லை வெறுமனே மட்டத்தைத் தொட்டுட்டு நிற்குது. பத்து மி.மீ. இழுத்தா ரொம்பத் தூக்கல்.

‘இது என்ன சார், குத்துமதிப்பு?’ன்னு நினைக்கிற மேத்ஸ் டிபார்ட்மென்ட் ஆட்களுக்கு மட்டும்: உருளையின் விட்டம் 100 மி.மீ. என்று வைத்துப் போட்டுப் பாருங்கள். பத்தாம் வகுப்பு வட்டக் கணக்குதான். குச்சி 3 மி.மீ. நகர்ந்தால், பிளேடு மேசையை விட உயர்ந்திருப்பது சுமார் 0.02 மி.மீ. உங்க ரெக்கார்டு நோட்டுத் தாளோட தடிமன் சுமார் 0.1 மி.மீ. அதுல அஞ்சுல ஒரு பங்கு! கண்ணுக்கே தெரியாத அளவை மூணு மில்லிமீட்டரா பெருசாக்கிக் காட்டுது ஒரு ரீப்பர் துண்டு. 6 மி.மீ. இழுத்தா உயரம் ரெண்டு மடங்கு இல்லை, நாலு மடங்கு, சுமார் 0.09. அதனாலதான் குச்சி விஷயத்துல ‘கொஞ்சம் அதிகம்’கிறது மெஷினுக்கு ரொம்ப அதிகம்.

இதை ஒவ்வொரு பிளேடிலும் மூன்று இடத்தில் பார்க்க வேண்டும்: இந்த ஓரம், நடு, அந்த ஓரம். மூன்று பிளேடுக்கு ஒன்பது தடவை. ஒன்பதிலும் குச்சி அதே தூரம் போகணும். ஒரு ஓரத்தில் 3, மறு ஓரத்தில் 5 என்றால் பிளேடு சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. அப்படியே விட்டா ரெண்டு பலகையை ஒட்டும்போது ஜாயின்ட்ல கீறல் விழுந்த மாதிரி வெளிச்சம் தெரியும். பொறுமையைச் சோதிக்கிற வேலைதான். பழக்கமில்லாத கைக்கு ஒரு மணி நேரம்கூட ஆகும். தறிக்கு செட்டிங் பார்க்கிற ஃபிட்டரை யாரும் அவசரப்படுத்துறதில்லை. பிளேனருக்கும் அதே மரியாதையைக் கொடுங்க.

மட்டம் தப்பினா மரமே புகார் சொல்லும். பலகையின் கடைசி ரெண்டு இன்ச்சுல மட்டும் திடீர்னு பள்ளம் விழுதா? பிளேடு பின் மேசையை விட உயரம். பலகை முன் மேசையை விட்டு நழுவும்போது பொத்துன்னு இறங்கி அந்தப் பள்ளம் விழுது. மாறா, பலகையோட தலை போய்ப் பின் மேசை விளிம்புல முட்டுதா? பிளேடு தாழ்வு. நிறைய பேர் இதுக்குப் பலகையைத் திட்டுவாங்க, மரம் வித்த கடையைத் திட்டுவாங்க. குச்சியை எடுத்துப் பார்க்கிறதில்லை.

உயரம் சரியானதும் போல்ட் டைட். இங்கேயும் ஒரு விஷயம் இருக்கு. ஒரே போல்ட்டை முழு மூச்சா முறுக்கினா பிளேடு அந்தப் பக்கம் எழும்பிடும், அரை மணி நேர உழைப்பு காலி. நடுவில் ஆரம்பித்து ஓரங்களுக்கு, கொஞ்சம் கொஞ்சமாக, ரெண்டு மூணு சுற்றில் இறுக்கணும். முடித்ததும் மறுபடி குச்சி. அப்புறம் எல்லா போல்ட்டையும் இன்னொரு தடவை தொட்டுப் பாருங்க. ஒரு போல்ட் மறந்தா என்ன ஆகும்? 100 மி.மீ. உருளை 5,000 சுத்துல ஓடும்போது பிளேடு முனையோட வேகம் மணிக்கு 94 கிலோமீட்டர். லூசா இருக்கிற பிளேடு அந்த வேகத்துலதான் வெளியே வரும்.

சாணை பிடிக்கிறதுன்னா மூணையும் சேர்த்துத்தான். ஒண்ணு புதுசு, ரெண்டு பழசுன்னு கலக்காதீங்க. எடை வித்தியாசம் வந்தா உருளை அதிரும், அதிர்ந்தா பேரிங் போகும். பிளேடை விட பேரிங் மாத்துறது பெரிய செலவு. அப்புறம் பிளேடுல ரகம் இருக்கு. ஹெச்.எஸ்.எஸ். பிளேடைத் திரும்பத் திரும்பச் சாணை பிடிக்கலாம். கார்பைடு பிளேடு நாளாகும் தேய, ஆனா சாதாரணச் சாணைக்கல்லுக்கு மசியாது. தேக்குல இயற்கையாவே சிலிக்கா இருக்கு, மணலோட சொந்தக்காரன். அதனாலதான் தேக்கு இழைச்சா பிளேடு சீக்கிரம் தேயுது. பழைய வீடு இடிச்ச மரம் வந்தா இன்னும் உஷார், உள்ளே ஆணி இருக்கும். பழைய ஸ்பீக்கர் காந்தத்தை மரத்து மேல ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. ஆணி இருந்தா காந்தம் இழுபடும். ஓசி டிடெக்டர்!

கை பிளேனர் வச்சிருக்கிறவங்களுக்கு வேலை சுருக்கம். அடியில ரெண்டு தட்டு. முன் தட்டு மேலே உள்ள குமிழைத் திருப்பினா ஏறி இறங்கும், பின் தட்டு அசையாது. பிளக்கைப் பிடுங்கிட்டு மெஷினைக் கவிழ்த்து வைங்க. பின் தட்டு மேல ஸ்டீல் ஸ்கேலை வச்சு, உருளையைச் சுத்துங்க. ரெண்டு பிளேடும் ஸ்கேலை ஒரே மாதிரி உரசணும். அவ்வளவுதான். வேலை முடிஞ்சு கீழே வைக்கிறப்ப, ஸ்விட்ச்சை விட்ட பிறகும் உருளை சில வினாடி சுத்தும். அது நிக்கிற வரைக்கும் கையிலேயே இருக்கட்டும்.

ஆனா கை பிளேனர்லதான் நம்ம ஆளுங்களோட ‘கண்டுபிடிப்பு’ ஒண்ணு இருக்கு. மெஷினைக் கவிழ்த்து மேசைல கட்டி, ஸ்விட்ச்சை அமுக்கி ரப்பர் பேண்டால சுத்திடுவாங்க. மினி சர்ஃபேஸ் பிளேனர் ரெடி! மூடி கிடையாது, கையை எடுத்தா நிக்கிற வசதியும் போச்சு. இதைப் பார்த்து ‘சூப்பர் ஐடியாண்ணா’ன்னு சொல்லிடாதீங்க. கார்டோட வர்ற ஸ்டாண்ட் சில கம்பெனி மெஷின்களுக்குக் கடையிலேயே கிடைக்குது.

இந்த கார்டு, மூடி எல்லாம் சும்மா வந்ததில்லை. ஒரு காலத்துல கட்டர் பிளாக் சதுரமா இருந்தது. சதுரம் சுற்றும்போது மேசைக்கும் அதற்கும் நடுவில் விரல் நுழைகிற அளவு பள்ளம் திறந்து திறந்து மூடும். கை தவறினால் முழுசாக உள்ளே இழுக்கும். உருண்டை பிளாக்கில் அந்தப் பள்ளம் இல்லை. பிரிட்டன் 1922-ல் மரவேலை எந்திர விதிகளைக் கொண்டு வந்து, கையால் தள்ளும் பிளேனரில் உருண்டை பிளாக்தான் இருக்க வேண்டும் என்றது. நம்ம நாட்டில் 1948-ம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 22-வது பிரிவு, ஓடுகிற மெஷின் பக்கத்தில் வேலை பார்க்கும் ஆள் உடம்போடு ஒட்டிய உடைதான் போட வேண்டும் என்றது. காத்துல பறக்கிற சட்டை நுனி, தோள் துண்டு, கையுறை எல்லாம் உருளைக்கு வாய்க்கரிசி. (ஆமா, கையுறையும்தான். பிளேனர்ல அது பாதுகாப்பு இல்லை, உள்ளே இழுக்கிற கயிறு.) 2025 நவம்பர் 21-ல் அந்தப் பழைய சட்டத்தின் இடத்துக்குப் புதிய தொகுப்பு வந்தது. பழசில் மின்சாரம் வைத்து ஓடும் இடத்தில் 10 பேர் இருந்தால் தொழிற்சாலை, புதுசில் 20 பேர். அதாவது மூணு பேர் பட்டறை அன்னைக்கும் கணக்குல இல்லை, இன்னைக்கும் இல்லை. எந்த இன்ஸ்பெக்டரும் வந்து உங்க பிளேனருக்கு மூடி இருக்கான்னு பார்க்கப் போறதில்லை. பார்க்க வேண்டிய ஆள் அந்த மூணு பேர்ல ஒருத்தர்தான். காலேஜ்ல படிக்கிறவர்ங்கறதால அனேகமா நீங்க.

தினசரி மெயின்டனன்ஸ் பெரிய கம்பசூத்திரம் இல்லை. பிளேடுல மரப்பிசின் ஒட்டினா, மெஷின் கழட்டின நிலைமைல மண்ணெண்ணெயோ டர்பன்டைனோ தொட்ட துணியால துடைச்சுக் காயவிடணும். மேசைக்கு எண்ணெய் தடவாதீங்க, பலகைல கறை ஏறி பாலிஷ் பிடிக்காது. மெழுகுவர்த்தியைத் தேய்ச்சுத் துணியால துடைச்சா பலகை வழுக்கிட்டுப் போகும், நீங்க அழுத்தவே வேண்டாம். பெல்ட் டென்ஷன் பாருங்க. தூசியைத் தினம் கூட்டுங்க, மாஸ்க் போட்டுக்கிட்டு. மரத்தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்னு சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் பட்டியல்ல வச்சு ரொம்ப வருஷம் ஆச்சு. ஒரு அடிக்குக் குறைஞ்ச துண்டை மேசை பிளேனர்ல விடாதீங்க. அதுக்குத்தான் இழைப்புளி இன்னும் உயிரோட இருக்கு. கடைசிப் பகுதியைத் தள்ள ஒரு தள்ளுகட்டை செஞ்சு வச்சுக்கங்க. தேஞ்சா கட்டை தேயட்டும்.

இதெல்லாம் முறையா கத்துக்கணும்னு ஆசை வந்தவங்களுக்கு: பெங்களூரு மல்லேஸ்வரத்துல மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கு, மத்திய அரசோடது. அங்க மரவேலைக்குன்னே ஒரு பயிற்சி மையம் நடக்குது. பி.எஸ்சி., பி.இ. முடிச்சுட்டு மரவேலையான்னு முகத்தைச் சுளிக்காதீங்க. ஃபர்னிச்சர் ஃபேக்டரியில மெஷின் செட்டிங் தெரிஞ்ச ஆளுக்கு இருக்கிற கிராக்கியை ஒரு தடவை விசாரிச்சுப் பாருங்க.

செட்டிங் முடிஞ்சதா? குச்சி, ஸ்பேனர், எல்-கீ எல்லாம் மேசையை விட்டு வெளியே வந்துடுச்சான்னு எண்ணிப் பாருங்க. மூடியை மாட்டுங்க. ஜோப்புல இருக்கிற பீஸ் கட்டையை எடுத்து மாட்டுங்க. சைடுல ஒதுங்கி நின்னு ஸ்விட்ச்சைப் போட்டு, ஒரு நிமிஷம் சும்மா ஓட விட்டுக் காது கொடுங்க. ஒரே சீரான ‘ம்ம்ம்’னா ஓகே. நடுவுல ‘டக் டக்’னு தாளம் வந்தா உடனே ஆஃப், பீஸ் கட்டை மறுபடி ஜோப்புக்கு. எல்லாம் சரின்னா ஒரு வேஸ்ட் பலகையை, ரேகை எந்தப் பக்கம் படுத்திருக்குன்னு பார்த்து, முன் மேசையை அரை மில்லிமீட்டர் மட்டும் இறக்கி விடுங்க. வெளியே வர்ற பலகையை ஜன்னல் வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிச்சுப் பாருங்க. அலை இல்லைன்னா, அந்தக் குச்சியில் பென்சிலால் இன்னைக்குத் தேதியை எழுதி, ஸ்டார்ட்டர் பக்கத்து ஆணியில் மாட்டி வைங்க. அடுத்த தடவை பிளேடு மாத்துற ஆள் தேடாம எடுத்துக்குவார்.

அடுத்த வாரம்: ரம்பத்துக்கு அரம் போடுவது எப்படி?